மச்சான் கழித்துவிட்ட மாம்பழங்கள்

இந்திய அரசாங்கத்தின் நானோ தொழில்நுட்ப ஆராய்ச்சியில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. சிரிக்க வேண்டாம், தாளில் இருக்கிறது. 'பங்கேற்கும் விவசாயி' என்று போட்டு அதற்கு நேரே என் பெயரையும் என் அப்பா பெயரையும் நிலத்தின் சர்வே எண்ணையும் தட்டச்சு செய்திருக்கிறார்கள். இதில் அப்பா மட்டும்தான் உண்மையான விவசாயி. நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவன். மலையாளத்தில் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கி, தமிழில் அதைச் செலவழிக்கும் எல்லையோர வாத்தியார் கூட்டத்தில் ஒருவன். பாலக்காட்டுப் பக்கம் முதலமடையில் அப்பா விட்டுப்போன மாந்தோப்பு ஒன்று இருக்கிறது. அங்கே நான் செய்யும் விவசாயம், பூப்பதற்கு முன்பே தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, காய்த்த பிறகு போய் நிழலில் நின்று பார்ப்பது.

என் மனைவியின் தங்கை மகள் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சியாளர். முனைவர் பட்டம் வாங்கியவள், முப்பது வயதைத் தாண்டியவள். இருந்தும் எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் சட்டியைத் திறந்து பார்ப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெருமாட்டியில் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"ஏனுங்க பெரியப்பா, தோட்டம் உங்க பேர்லதான இருக்குது?"

சொந்தக்காரர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டால் எங்கள் பக்கத்தில் சாப்பாடு இறங்காது. மனைவியின் கையில் ரசக் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"ஏன் கண்ணு, விக்கப்போறியா?" என்றாள்.

"அய்யோ, இல்லீங்க பெரியம்மா. டெல்லிக்கு ஒரு புராஜக்ட் எழுதறேன். மாங்கா சீக்கிரம் அழுகாம இருக்கறதுக்கு நானோ பூச்சு. கூட ஒரு விவசாயியும் இருக்கோணும்னு ரூல் போட்டிருக்காங்க."

"அதுக்கு விவசாயியத்தான கண்ணு தேடோணும்? இவரை எதுக்குக் கேக்கறே?"

கரண்டி மறுபடி இயங்கியது. இத்தனை வருடத் தாம்பத்தியத்தில் என்னைப் பற்றி இவ்வளவு துல்லியமான மதிப்பீட்டை எந்தக் குழுவும் தந்ததில்லை.

நானோ என்றால் என்ன என்று அன்றைக்கு அவள் எனக்கு விளக்கினாள். ஒரு தலைமுடியை நீளவாக்கில் பல்லாயிரம் தடவை பிளந்தால் கிடைக்குமே, அந்த அளவு. எனக்கு இப்போது பிளப்பதற்கே முடி போதாது என்பதால் நம்பிக்கையின் பேரில் ஏற்றுக்கொண்டேன். கிராம்பு எண்ணெயையும் மெழுகையும் அந்த அளவுக்கு நுணுக்கித் தண்ணீரில் கலக்கிறாள். அதில் மாங்காயை முக்கி எடுத்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு சட்டை மாதிரி தோலில் படிந்துவிடும். அந்தச் சட்டையை மீறி அழுகல் சீக்கிரம் உள்ளே போக முடியாது. இதுதான் அவள் கருத்து. இதை நிரூபிக்கத்தான் அரசாங்கத்தின் பணம்.

நியாயமாகப் பார்த்தால் அந்தத் தாளில் இருக்க வேண்டிய பெயர் என் மச்சானுடையது. என் மனைவிக்கு அண்ணன், ஆராய்ச்சிக்காரிக்குத் தாய்மாமன். மாங்காய் வியாபாரி. என் தோப்பு உட்பட அந்தப் பக்கத்துத் தோப்புகளில் பாதியைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர். மாங்காயைத் தரம் பிரித்து லாரி ஏற்றுவதற்குச் சொந்தமாகப் பெரிய செட் போட்டிருக்கிறார். ஆனால் அவர் பெயரில் நிலம் இல்லை. போதாததற்கு, திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று 'விவசாயிகள் இடைத்தரகர்களைச் சார்ந்திருப்பதைக் குறைத்தல்'. இது எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது.

"அப்ப நான் யாருங்க அம்மிணி? இடையில நிக்கறவனா?"

"பேப்பர்லதானுங்க மாமா."

"பேப்பர்ல என்னைய நிறுத்திப்போட்டு, சோதனை பண்றதுக்கு மட்டும் எம்பட செட்டு வேணுமாக்கும்?"

"ஆமாங்க மாமா."

"செரி, சாவிய வாங்கிக்க" என்றார். கோபத்தையும் சாவியையும் ஒரே கையால் கொடுக்கத் தெரிந்தவர்.

திட்டம் டெல்லியில் பல மேசைகளைக் கடந்து ஒப்புதல் ஆயிற்று. நாட்டிலேயே முந்திக்கொண்டு சந்தைக்குப் போவது எங்கள் ஊர் மாங்காய் என்று மச்சான் யாரைப் பார்த்தாலும் சொல்வார். அந்த வருடக் கடைசி லாரி கிளம்பிப் போய், செட்டைக் கழுவிப் பூட்டிய பிறகு முதல் தவணைப் பணம் வந்து சேர்ந்தது. மரத்தில் இலைதான் இருந்தது. அரசாங்கத்துக்கு நிதியாண்டு தெரியும், மரத்துக்குத் தெரியாது. மரத்தைக் கண்டிக்க விதியில் இடமில்லை.

அந்த வருடம் முழுக்க அவள் ஆய்வுக்கூடத்தில் கரைசலைத் தயாரிப்பதிலேயே கழித்தாள். அடுத்த பருவத்துக்கு மாங்காய் வாங்கலாம் என்றால், கல்லூரி அலுவலகத்தில் மூன்று இடத்தில் விலை கேட்டு எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். மூன்று பேரிடம் விலை கேட்டு, கோப்பு நகர்ந்து, ஒப்புதல் வருவதற்குள் மாங்காய் ஊறுகாயாகிவிடும். எனவே நான் என் தோப்பில் சில மரங்களைக் குத்தகையிலிருந்து விலக்கி, காய்களை இலவசமாகத் தந்தேன். தேசத்தின் அறிவியல் வளர்ச்சிக்கு என் நன்கொடை. மச்சான் இதை வேறு மாதிரி சொல்வார்: "அந்த மரமெல்லாம் வருசா வருசம் நாலு காயோட சும்மாதான் நிக்குது. சும்மா நிக்கற மரத்தைச் சும்மா குடுத்திருக்காரு."

இதற்கிடையில் டெல்லியிலிருந்து செய்தி வந்தது. பாதிக் காலம் முடிந்துவிட்டதால் நிபுணர் குழு நேரில் வந்து பார்க்கும். திருப்தி என்றால் மீதிப் பணம். இல்லையென்றால் திட்டம் அத்துடன் நிறுத்தம். அவளுடைய வேலையே அந்தப் பணத்தில்தான். திட்டம் நின்றால் கல்லூரியில் அவளுக்கு நாற்காலி கிடையாது. சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் அன்றைக்குச் சட்டியைத் திறந்து பார்க்கவில்லை. மனைவிக்கு அதிலேயே விஷயம் புரிந்துவிட்டது.

குழு வரும் தேதியைக் கணக்கிட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் முன்னதாகவே மாங்காய்களை மச்சானின் செட்டில் அடுக்கினாள். பாதிக் காய்களை நானோ கரைசலில் முக்கினாள், மீதியை வெறும் தண்ணீரில். ஒவ்வொரு காயிலும் சின்ன ஸ்டிக்கரில் ஒரு எண். எந்த எண் எந்த வகை என்பது அவள் மடிக்கணினிக்கு மட்டும் தெரியும். கிரேடு என்கிற பிளாஸ்டிக் பெட்டிகளில் நானோவும் தண்ணீரும் கலந்தே கிடந்தன. ஆளுக்கு ஒரு பக்கம் சாய்ந்து பார்க்கக் கூடாதாம், அதற்காக.

மச்சான் கரைசல் வாளியை எட்டிப் பார்த்தார். கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது.

"இதென்ன அம்மிணி, தண்ணியாட்டம் இருக்குது. இதுக்கா கவர்மெண்டு காசு குடுக்குது?"

"தண்ணியாட்டம் இருந்தாத்தானுங்க மாமா நல்ல நானோ. பாலாட்டம் இருந்தா சரியா நுணுங்கலீன்னு அர்த்தம்."

"பால்காரனைக் கேட்டுப் பாரு, அவன் வேற சொல்லுவான்."

சுவரில் ஒரு அறிவிப்பும் ஒட்டினாள். இந்தக் கிரேடுகளை யாரும் தொடக்கூடாது என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதியிருந்தது. தமிழ்ப் பகுதியைப் பிழை பார்த்துக் கொடுத்தது நான். ஒரு ஒற்று மிகுந்திருந்தது. பங்கேற்கும் விவசாயியின் பங்கேற்பு பெரும்பாலும் அவ்வளவுதான்.

நாள் ஆக ஆகத் தண்ணீர்க் காய்கள் பழுத்து, புள்ளி விழுந்து, கருக்க ஆரம்பித்தன. எவையெல்லாம் அவை என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும் என்றாலும், குழு வருவதற்கு முந்தின நாள் மாலை அவள் முகத்தைப் பார்த்தே நாங்கள் ஊகித்துவிட்டோம். அழுகலைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட ஒரு பெண்ணை நான் பார்த்ததில்லை. "பெரியப்பா, இதைப் பாருங்க, காம்புல பூஞ்சை!" என்று தேர் பார்க்கிற குழந்தை மாதிரி காட்டினாள். பிறகு, மறுநாள் குழுவைக் கோயம்புத்தூரிலிருந்து கூட்டிவருவதற்காகப் பேருந்து ஏறினாள்.

மறுநாள் காலை, கார் வருகிற நேரம்வரை நான் செட்டுக்குப் போகவில்லை. வரவேற்புரையைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் உழவும் அணுவும் ஒரே வாக்கியத்தில் வந்தன. நல்ல வாக்கியம். இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

குழுவில் இரண்டு பேர். வடக்கேயிருந்து வந்த, வெள்ளைத் தாடி வைத்த பேராசிரியர் ஒருவர். திருவனந்தபுரத்திலிருந்து வந்த அதிகாரி அம்மா ஒருவர். பேராசிரியருக்கு ஆங்கிலமும் இந்தியும். அம்மாவுக்கு மலையாளம், கொஞ்சம் தமிழ். கார் வந்து நின்றதும் மச்சான் இளநீரோடு எதிர்கொண்டார். வேட்டி அன்றைக்குத்தான் பெட்டியிலிருந்து எடுத்தது போல மடிப்புக் கலையாமல் இருந்தது. செட் கழுவி விட்டிருந்தது. வாசலில் வாழைக்கன்று. நான் பார்த்த அளவில் அந்தச் செட் கல்யாண மண்டபமாக மாறியது அன்றைக்கு மட்டும்தான்.

அவள் முதல் கிரேடின் மேலிருந்த சாக்கை எடுத்தாள்.

மஞ்சளும் சிவப்புமாகச் செந்தூரப் பழங்கள் பளபளத்தன. ஒரு புள்ளி இல்லை. இரண்டாவது கிரேடு, மூன்றாவது, எல்லாமே அப்படித்தான். பேராசிரியர் "வொண்டர்ஃபுல்" என்றார். அவள் ஒரு பழத்தை எடுத்துத் திருப்பினாள். மறுபக்கம் திருப்பினாள். ஸ்டிக்கர் இல்லை. இன்னொன்றை எடுத்தாள். அதிலும் இல்லை. அதற்கு அடுத்ததில் இருந்தது.

"மாமா" என்றாள். குரல் அவ்வளவு மெதுவாக வந்ததை நான் கேட்டதில்லை. "யாருங்க மாமா இதைத் தொட்டது?"

மச்சானுக்குப் பாராட்டு வரப்போகிறது என்று நினைப்பு. "நாந்தான் அம்மிணி. வெடியக்காலையில வந்து பாத்தனா, பாதி அழுகிக் கெடக்குது. டெல்லியில இருந்து வர்றவங்க கண்ணுல அழுகல் படலாமா? எல்லாத்தையும் கழிச்சு வுட்டுப்போட்டு, மரத்துல பழுத்ததுல நல்லதாப் பாத்துப் பொறுக்கி நெரவி வெச்சுட்டேன்."

"சுவத்துல எழுதி ஒட்டியிருந்துதே மாமா."

"அது வேலைக்காரங்களுக்கு எழுதுனதுன்னு நெனச்சேன்."

மாங்காய் வியாபாரத்தில் இது ஒழுக்கம். கிரேடில் ஒரு அழுகல் கண்ணில் பட்டால் பேச்சைப் பாதியில் நிறுத்தியாவது எடுத்து எறிவார்கள். விட்டால் பக்கத்துப் பழத்துக்கும் ஒட்டும், பேருக்கும் ஒட்டும். ஆயுள் முழுக்க அப்படிப் பழகிய கைக்கு, அழுகுவதற்காகவே அடுக்கிவைத்த மாங்காய் என்று ஒன்று உலகத்தில் இருப்பது எப்படித் தெரியும்? ஆனால் இதையெல்லாம் யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. இரண்டு வருட வேலை, வரவேண்டிய பணம், உட்காரும் நாற்காலி எல்லாம் அந்த அழுகலில்தான் இருந்தன. அந்த அழுகலை அவள் தாய்மாமன் மரியாதைக்காக எறிந்துவிட்டார்.

நான் ஒரு யோசனை சொன்னேன். தாழ்ந்த குரலில், "நேத்து எடுத்த போட்டோ இருக்குதுல்ல கண்ணு?" என்றேன். வாழ்க்கையில் நான் தரும் யோசனைகளின் சராசரித் தரம் அது. அவள் என்னைப் பார்த்தாள், பிறகு நேராகப் பேராசிரியரிடம் திரும்பினாள். நடந்ததை ஒளிக்காமல் ஆங்கிலத்தில் சொன்னாள். நீங்கள் பார்ப்பது என் சோதனை இல்லை, என் மாமாவின் விருந்தோம்பல் என்றாள்.

பேராசிரியர் பழத்தைக் கீழே வைத்தார். முன்பு அனுப்பிய போட்டோக்களை டெல்லியிலேயே பார்த்துவிட்டோம், போட்டோவை நம்புவதாக இருந்தால் விமானம் ஏறியிருக்க மாட்டோம் என்றார். கோபமாக இல்லை, அலுப்பாக. அலுப்புதான் பயமாக இருந்தது.

அதிகாரி அம்மாதான் மச்சானைப் பார்த்து மலையாளத்தில் கேட்டார்: "சேட்டா, ஆ சீஞ்ஞ மாங்ங எவிடெ?"

அழுகினதெல்லாம் எங்கே என்று. எங்கள் குடும்பத்தில் ஒரு வாத்தியாரும் ஒரு முனைவரும் அங்கே நின்றிருந்தோம். யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

"பின்னால எருக்குழியில கெடக்குதுங்க மேடம்."

"ஸ்டிக்கரோடயா?" அவள் கேட்டு முடிக்கவில்லை, ஓடத் தொடங்கியிருந்தாள்.

செட்டுக்குப் பின்னால் எருக்குழி. அதன் ஓரத்தில் மச்சானின் பசு ஒன்று கட்டியிருந்தது. கயிறு நீளமான கயிறு. பசு ஒரு மாம்பழத்தை நிதானமாக அரைத்துக்கொண்டிருந்தது. அவள் அதன் வாயைப் பிடித்தாள். பசு விழுங்கிவிட்டு நாவால் மூக்கைத் துடைத்தது.

"எத்தனை தின்னுச்சுங்க மாமா?"

"அது எனக்கெப்படி அம்மிணி தெரியும்? அதுகிட்டயா கணக்குக் கேக்க முடியும்?"

பேராசிரியர் காலணியைக் கழற்றினார். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, ஒரு குச்சியோடு குழியின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அலுப்பு எங்கே போயிற்றோ. ஒரு பழத்தைக் குச்சியால் புரட்டி, ஸ்டிக்கரில் இருந்த எண்ணைச் சத்தமாகப் படித்தார். அவள் எதிர்ப்பக்கம் மண்ணில் உட்கார்ந்து, மடியில் கணினியை வைத்துக்கொண்டு தேடினாள்.

"தண்ணீர்" என்றாள்.

அடுத்த எண்.

"தண்ணீர்."

அடுத்தது. "தண்ணீர்."

மண்டியில் ஏலம் கூவுகிற மாதிரி இருந்தது. மச்சான் தானாகவே குழியில் இறங்கி, பழங்களை எடுத்துத் துடைத்து நீட்ட ஆரம்பித்தார். அதிகாரி அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு தாளில் கோடு போட்டார். தண்ணீர், தண்ணீர், தண்ணீர். அப்புறம் ஒரு எண்ணுக்கு அவள் திரையை இரண்டாம் முறையும் மேலும் கீழும் தேடினாள். எல்லோரும் நிமிர்ந்தோம்.

"நானோ" என்றாள்.

பொய் சொல்லியிருந்தால் அந்த இடத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் திரையை அவர்கள் யாரும் பார்க்கவில்லை. பேராசிரியர் முதல் முறையாக அவளைச் சற்று நேரம் பார்த்துவிட்டு அடுத்த எண்ணைப் படித்தார்.

குழி காலியானபோது அதிகாரி அம்மாவின் தாளில் தண்ணீரின் கோடுகள் ஒரு பக்கம் நிரம்பி வழிந்தன. நானோவுக்கும் இருந்தன. அவள் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தன. ஆனால் தண்ணீருக்குப் பக்கத்தில் நிற்க முடியாத அளவு குறைவு.

பேராசிரியர் மச்சானை விசாரித்தார். மொழிபெயர்ப்பாளன் நான். ஒருவழியாக அன்றைக்கு எனக்கு ஒரு வேலை.

"பழத்தைக் கழிக்கும்போது எது பூச்சுப் போட்டது, எது போடாதது என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்கிறார்."

மச்சான் முகம் சிவந்தது. "இதென்னங்க மாப்ள கேள்வி? நான் ஆளுப் பாத்துக் கழிக்கறவனா? கவர்மெண்டு மாங்கான்னா ஒரு நாயம், எம்பட மாங்கான்னா ஒரு நாயமா? எதுல பூசியிருக்குது, எதுல பூசலீன்னு எனக்கென்னங்க தெரியும்? அழுகுனா அழுகல். அவ்வளவுதான். அவருகிட்டச் சொல்லுங்க."

நான் சொன்னேன். நாயத்தை ஆங்கிலத்தில் கொண்டுபோவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். நாங்கள் ஆய்வுக்கூடத்தில் பணம் செலவழித்து இப்படிப்பட்ட ஆளைத்தான் தேடுகிறோம், எது எது என்று தெரியாமலே தீர்ப்புச் சொல்கிற ஆளை என்றார். பிறகு உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டு, இருந்தாலும் இதை முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது, பசு தின்றதற்குக் கணக்கு இல்லை என்று அவளிடம் சொன்னார்.

"தெரியும் சார்" என்றாள் அவள். முழங்கை வரைக்கும் மாம்பழச் சாறு. "நானே அப்படித்தான் எழுதுவேன்."

சாப்பாட்டுக்குப் பிறகு மச்சான் இருவருக்கும் ஆளுக்கொரு பெட்டி மாம்பழம் கொடுக்கப் பார்த்தார். பரிசு வாங்கக் கூடாது என்று விதி இருப்பதாக அதிகாரி அம்மா விளக்கினார். "இது பரிசில்லீங்க மேடம், மாங்கா" என்று மச்சான் கார் கிளம்பும்வரை வாதாடினார்.

கார் போன பிறகு அவள் செட்டுப் படியில் உட்கார்ந்தாள். மச்சான் அவள் பக்கத்தில் போய் நின்றார். "நான் கெடுத்துப்போட்டனா அம்மிணி?" என்று கேட்டார். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சின்னக் குரல்.

"தெரியலீங்க மாமா" என்றாள் அவள். அது அவரைத் தேற்றுவதற்காகச் சொன்னதில்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

பிறகு வந்த வாரங்களில் எங்கள் வீட்டில் யாரும் மாம்பழம் சாப்பிடவில்லை. மச்சான் தினமும் போன் செய்து, "டெல்லி ஏதாச்சும் சொல்லுச்சா?" என்று கேட்பார், பக்கத்து ஊர்ச் சம்பந்தி வீட்டைப் பற்றிக் கேட்கிற மாதிரி.

பள்ளிக்கூடம் திறந்து மழையும் பிடித்த பிறகு ஒரு நாள், ஏழாம் வகுப்பில் நான் இருந்தபோது மனைவியின் அழைப்பு வந்தது. வகுப்பு நேரத்தில் அவள் அழைத்ததே இல்லை. வராந்தாவுக்கு வந்து எடுத்தேன்.

"வந்துருச்சுங்க. இன்னும் ரெண்டு பருவத்துக்குப் பணம் உண்டாம். பேசிக்கிட்டே அழுகறா, சிரிக்கறா, என்ன சொல்றான்னே புரியல. நீங்களே கேளுங்க."

நான் அழைத்தபோது அவள் கொஞ்சம் தெளிந்திருந்தாள். கிடைத்த முடிவு நம்பிக்கை தருகிறது, ஆனால் முழுமையற்றது, எனவே சோதனையை மறுபடி முறையாகச் செய்து பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்களாம். எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால் ஒரு பருவத்தோடு முடிந்துபோயிருக்கும் என்று அவளே சொன்னாள். இன்னொன்றும் இருந்தது. பழங்களைக் கழிக்கும் வேலையை, எது எது என்று அறியாத அனுபவமுள்ள வியாபாரி ஒருவரைக் கொண்டே செய்யலாம் என்று பரிந்துரை.

"மாமாகிட்டச் சொல்லிட்டியா?"

"மொதல்ல அவர்கிட்டத்தான் சொன்னேன் பெரியப்பா."

எனக்கு மூன்றாவது இடம். நிலம் கொடுத்தவன், காய் கொடுத்தவன், ஒற்றுப் பிழை திருத்தியவன். பரவாயில்லை, அவள் நாற்காலி பிழைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளிடமிருந்து மறுபடி போன். குரலில் பதற்றம். "பெரியப்பா, மாமாவுக்கு இப்பத்தான் பேசுனேன். அடுத்த வருசம் டெல்லிக்காரங்க வந்து பாக்கற எடம்னு சொல்லி, அந்த எருக்குழியச் சிமெண்ட் போட்டுப் பூசிட்டாராமா, சுண்ணாம்பும் அடிக்கப் போறாராமா. எதையும் தொடாதீங்கன்னு சொன்னேன், கேக்கற மாதிரி தெரியல. நீங்க கொஞ்சம் போய்ப் பாருங்க."

பேருந்து பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது, மச்சான் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, குழியின் விளிம்புக்கு இரண்டாவது கோட் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்.